அகல உழுவதா, ஆழ உழுவதா?



பல்கலைக்கழகத்தில் இசை பயிலும் ஒரு மாணவர் தனக்கென்று ஒரு தனிப் படைப்புத் துறையை எப்படி வளர்த்துக்கொள்வது என்பதே இந்த மாத உரைக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள். "எங்கள் வீட்டில் ஒருவரும் இசைப் பட்டம் படிக்கவில்லையே, நமக்கென்ன?" என்று சிலர் நினைக்கலாம். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள். இந்த ரொறன்ரோப் பெரும்பாகத்தில் சனி, ஞாயிறு காலைகளில் மிருதங்கத்தையும் வீணையையும் காரில் ஏற்றிக்கொண்டு, ஒரு பிள்ளையை ஸ்காபரோவிலும் மற்றப் பிள்ளையை மார்க்கத்திலும் இறக்கிவிட்டு ஓடித் திரியும் பெற்றோர் நம்மிடையே ஏராளம். பத்துப் பன்னிரண்டு வருடம் நீளும் அந்த ஓட்டத்தின் முடிவில் என்ன இருக்கிறது என்பது அவர்கள் எல்லோருக்கும் உரிய கேள்விதான்.

பெரும்பாலான வீடுகளில் முடிவில் இருப்பது அரங்கேற்றம். மண்டபம் எடுத்து, அழைப்பிதழ் அடித்து, பக்கவாத்தியக்காரரை வரவழைத்து, வீடியோவும் எடுத்து முடிந்தபின், வாத்தியம் உறையோடு அலுமாரிக்குப் போய்விடுகிறது. பிள்ளை பொறியியலுக்கோ கணக்கியலுக்கோ போய்விடுகிறது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒரு சில பிள்ளைகள் மட்டும் "நான் இசையைத்தான் படிக்கப் போகிறேன்" என்று நிற்கிறார்கள். அந்தப் பிள்ளைகளையும், அவர்களைப் பார்த்துக் கவலைப்படும் அம்மா அப்பாமாரையும் மனதில் வைத்துத்தான் இன்று பேசுகிறேன்.

பல்கலைக்கழக இசைத்துறையில் முதல் இரண்டு வருடங்களும் ஏறக்குறைய எல்லோருக்கும் பொதுவாகவே போகும். மேலைத்தேய இசைக் குறியீடு, ஒத்திசைவு, இசை வரலாறு, காதுப் பயிற்சி, ஒரு வாத்தியத்தில் தனிப் பாடம் என்று நேரம் ஓடிவிடும். இசையாக்கத்தையோ படைப்பு வேலையையோ எடுத்த மாணவரிடம் மூன்றாம் வருடமளவில் பேராசிரியர் ஒரு கேள்வி கேட்பார்: "சரி, உன்னுடைய வேலை எது?"

நம் பிள்ளைகள் திகைத்து நிற்பது இந்த இடத்தில்தான். காரணம் இருக்கிறது. குரு பாடிய சங்கதியை ஒரு கமகமும் பிசகாமல் திருப்பிப் பாடுவதே திறமை என்று சிறு வயது முதல் அவர்கள் பழகியிருக்கிறார்கள். பாடாந்தரம் காப்பது நம் மரபில் பெரிய பண்பு. மனோதர்மம் என்ற ஒன்று உண்டென்றாலும், ஆலாபனையும் கற்பனைஸ்வரமும் கைவரும் நிலைக்கு வருவதற்கு முன்பே பல பிள்ளைகளின் வகுப்பு முடிந்துவிடுகிறது. அப்படி வந்த பிள்ளையைப் பார்த்து "உன்னுடையது எது?" என்று கேட்டால் என்ன செய்யும்? கையில் கிடைப்பதையெல்லாம் சேர்க்கத் தொடங்கும். கொஞ்சம் ஜாஸ், கொஞ்சம் திரைப்பட இசை, கணினியில் ஒரு தபேலாத் துண்டு, மேலே ஒரு ஹிந்தோளம். "பியூஷன்" என்று பெயரும் வைத்துவிடலாம். புள்ளியும் கிடைக்கும். ஆனால் அடுத்த தவணைக்கு அதிலிருந்து எடுத்துச் செல்ல ஒன்றும் மிஞ்சாது.

"அகல உழுவதை ஆழ உழு" என்று நம் கமக்காரர்கள் சொல்வார்கள். இன்றைய உரையின் சாரமும் அதுதான். தனித்துறை என்பது பல்கலைக்கழகக் கையேட்டைப் புரட்டி ஒரு பக்கத்தைத் தெரிவு செய்வதால் கிடைப்பதில்லை. காதில் விழுந்த ஒரு சிறிய விடயத்தைப் பிடித்துக்கொண்டு, அதை விடாமல், வருடக்கணக்காக அதன் அடியிலேயே தோண்டிக்கொண்டு போவதால் கிடைப்பது.

இதற்கு ஒரு மெய்யான உதாரணம் இந்த நாட்டின் மேற்குக் கரையில், வன்கூவர் நகரத்தில் இருக்கிறது. அந்தக் கதையில் ஒரு குடிவரவாளர் இருக்கிறார், ஓர் இசை மாணவி இருக்கிறார், ஒரு சமூக வானொலியும் இருக்கிறது. ஆகவே நமக்கு மிகவும் பொருத்தமான கதை.

ஹில்டகார்ட் வெஸ்டர்காம்ப் என்பவர் 1946இல் ஜேர்மனியின் ஒஸ்னாபுறூக் நகரில் பிறந்தவர். 1968இல் கனடாவுக்கு வந்தார். பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் இசை படித்து 1972இல் பட்டம் பெற்றார். மற்ற மாணவர்களைப் போலவே ஐரோப்பியச் செவ்வியல் இசையைத்தான் படித்தார். அங்கே படித்துக்கொண்டிருந்த காலத்தில், விருந்தினராக வந்து பேசிய ஓர் இசையமைப்பாளரின் உரையைக் கேட்டார். அவர் பெயர் மறே ஷேபர். 1933இல் ஒன்ராறியோவின் சார்னியாவில் பிறந்து, 2021இல் மறைந்தவர். அப்போது வன்கூவருக்கு அருகே, பேர்ணபி மலைமேல் உள்ள சைமன் பிறேசர் பல்கலைக்கழகத்தில் கற்பித்துக்கொண்டிருந்தார்.

ஷேபர் கேட்ட கேள்வி எளிமையானது. நாம் கச்சேரி மண்டபத்துக்குள் மட்டும் காதைத் திறந்து வைத்துக்கொண்டு, வெளியே வந்ததும் மூடிவிடுகிறோமே, ஏன்? ஓர் ஊருக்கு நிலக்காட்சி இருப்பது போல ஒலிக்காட்சியும் இருக்கிறது. நாம் அதை ஒலிச்சூழல் என்று சொல்லலாம். அதைக் கவனித்துக் கேட்டுப் பதிவு செய்வதற்காக அவர் தொடங்கியதே உலக ஒலிச்சூழல் திட்டம். அந்தக் குழுவினர் ஒலிப்பதிவுக் கருவிகளோடு நகரத்தில் இறங்கினார்கள். 1973இல் வன்கூவரின் ஒலிச்சூழலை இசைத்தட்டாக வெளியிட்டார்கள். 1974இல் கனடாவின் ஒலிச்சூழல்கள் என்று பத்து மணி நேர வானொலித் தொடர் ஒன்று சீ.பீ.சீ.யில் ஒலிபரப்பானது. 1977இல் ஷேபர் தம் சிந்தனைகளைப் பெரிய நூலாகவே எழுதினார்.

அந்த நூலில் அவர் மூன்று வகை ஒலிகளைப் பிரித்துக் காட்டுகிறார். முதலாவது, எப்போதும் அடியில் ஓடிக்கொண்டிருக்கும் ஒலி. கடலோர ஊருக்கு அலை, நமது நகரத்துக்கு நெடுஞ்சாலை இரைச்சல். தம்புரா தெரிந்த நமக்கு இதை விளக்கவே தேவையில்லை. அதுதான் அந்த ஊரின் சுருதி. இரண்டாவது, நம்மைத் திரும்பிப் பார்க்க வைக்கும் ஒலி. மணி, சங்கு, அம்புலன்ஸ் போன்றவை. மூன்றாவது, ஓர் ஊருக்கே அடையாளமாகிவிட்ட ஒலி. வன்கூவரில் 1967 முதல் மத்தியானம் 12 மணிக்கு, கனடாத் தேசிய கீதத்தின் முதல் நான்கு சுரங்களைப் பெரிய ஊதுகுழல்கள் ஊதுகின்றன. இரவு 9 மணிக்கு ஸ்ரான்லி பூங்காவில் ஒரு பழைய பீரங்கி வெடிக்கிறது. அந்த ஊர்க்காரருக்கு இவை வெறும் சத்தமாகத் தோன்றுவதில்லை. ஊரின் முகமே அவைதான்.

வெஸ்டர்காம்ப் 1973இல் இந்தக் குழுவில் சேர்ந்தார். இப்போது அவர் என்ன செய்தார் என்று கவனியுங்கள். அவர் பெரிய சிம்பொனி எழுதப் போகவில்லை. ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். நடந்துகொண்டே கேட்பது, கேட்டதைப் பதிவது. இதை ஒலிநடை என்று சொல்லலாம். வன்கூவரில் 1975இல் ஒரு கூட்டுறவு வானொலி ஒலிபரப்பைத் தொடங்கியது. தொண்டர்கள் நடத்தும் வானொலி, நம்முடையதைப் போல. 1978, 79 காலத்தில் அந்த வானொலியில் அவர் வாரந்தோறும் ஒரு மணி நேரம் ஒலிநடை நிகழ்ச்சி நடத்தினார். நகரத்தின் ஒவ்வொரு மூலைக்கும் போய்ப் பதிந்து வந்து, நேயர்களுக்கு அவர்களுடைய ஊரையே திருப்பிக் கேட்கக் கொடுத்தார்.

அந்த வேலையிலிருந்துதான் அவருடைய இசை வளர்ந்தது. 1978இல் அவர் ஆக்கிய ஒரு படைப்புக்கு மூலப்பொருள் கப்பல், புகையிரதம், தொழிற்சாலை, மூடுபனி எச்சரிக்கை ஆகியவற்றின் ஊதொலிகள். ஊதொலிகளை மட்டும் எடுத்துக்கொண்டு, அவை மலையிலும் நீரிலும் மோதி எப்படி மாறி வருகின்றன என்று கேட்டு அமைத்த இசை அது. 1987இல் இன்னொன்று. மெக்சிக்கோப் பாலைவனத்தில் இரவில் பதிந்த ஒரே ஒரு சில்வண்டின் பாட்டும், கள்ளிமுள்ளைத் தட்டியும் காய்ந்த பனைவேரைத் தட்டியும் எழுப்பிய ஒலிகளும் சேர்ந்தது. சில்வண்டின் ஒலியை வேகம் குறைத்து ஓடவிட்டால் அது வேறொரு உலகமாகத் திறக்கிறது.

1989இல் வந்த இன்னொரு படைப்பு சுமார் பத்து நிமிடம் நீளும். வன்கூவரின் கிற்சிலானோக் கடற்கரையில் ஓர் அமைதியான காலை. பாறைகளில் ஒட்டி வாழும் சிப்பி போன்ற மிகச் சிறிய உயிரினங்கள் தண்ணீரில் எழுப்பும் சொடக்கு ஒலிகள். பின்னால் நகரத்தின் இரைச்சல். வெஸ்டர்காம்ப் தாமே பேசுகிறார். மனிதக் காது வேண்டியதைத் தேடி எடுத்துக்கொள்ளும், ஒலிவாங்கிக்கு அந்த விருப்பு வெறுப்பு இல்லை என்பதைக் காட்டுகிறார். பிறகு கலையகத்தில் இருக்கும் கருவியால் நகரத்தின் கீழ்ஸ்தாயி இரைச்சலை வடித்து எடுத்துவிடுகிறார். அதையும் மறைக்காமல், இதோ இப்போது வடிக்கிறேன் என்று சொல்லியே செய்கிறார். அந்தச் சின்ன ஒலிகள் மட்டும் மிஞ்சுகின்றன. கடைசியில் நகரம் திரும்பி வருகிறது. ஆனால் கேட்டவரின் காது பழைய காதாக இல்லை.

இதற்கு முந்திய வருடம், 1988இல், அவர் சைமன் பிறேசர் பல்கலைக்கழகத்தில் முதுமாணிப் பட்டம் பெற்றார். இந்த ஆண்டுகளைக் கூட்டிப் பாருங்கள். முதல் பட்டம் 1972. முதுமாணி 1988. இடையில் பதினாறு வருடம். அந்தப் பதினாறு வருடமும் அவர் செய்தது ஒரே வேலை: கேட்பது. முதல் பட்டம் எடுத்த அன்று அவரிடம் "உன் தனித்துறை எது?" என்று கேட்டிருந்தால், நடந்துகொண்டே கேட்பது என்று ஒரு துறையையே அவர் சொல்லியிருக்க முடியாது. அப்படி ஒரு துறை அப்போதுதான் உருவாகிக்கொண்டிருந்தது.

இந்தக் கதையிலிருந்து மாணவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டியவை மூன்று என்று நான் நினைக்கிறேன்.

ஒன்று, எல்லை. ஊதொலி மட்டும், ஒரு சில்வண்டு மட்டும், ஒரு கடற்கரை மட்டும். கையில் எல்லாம் இருக்கும்போது மனம் எதிலும் நிற்காது. எல்லை போட்டபின்தான் கற்பனைக்கு வேலை வருகிறது. ஆறு சுரமோ ஐந்து சுரமோ தந்து அதற்குள் ஒரு மணி நேரம் பாடு என்று சொல்லும் மரபிலிருந்து வந்த நமக்கு இது புதிதில்லை.

இரண்டு, வழக்கம். வாரந்தோறும் நிகழ்ச்சி கொடுக்க வேண்டும் என்றால் மனம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வேலை செய்ய வேண்டும். வருடத்தில் ஒரு பெரிய படைப்பு செய்யும் மாணவரைவிட, இரு கிழமைக்கு ஒரு மூன்று நிமிடத் துண்டு செய்யும் மாணவர் வருட முடிவில் தன்னைப் பற்றி அதிகம் தெரிந்துகொள்வார்.

மூன்று, கேட்பவர்கள். பேராசிரியர் ஒருவருக்காக மட்டும் செய்யும் வேலை, புள்ளி வந்த அன்றோடு செத்துவிடும். வெஸ்டர்காம்புக்கு ஒரு வானொலி இருந்தது. ஒரு மாணவருக்கு அது கோயில் மண்டபமாக இருக்கலாம், முதியோர் சங்கமாக இருக்கலாம், இதுபோன்ற ஒரு வானொலியாகவும் இருக்கலாம்.

"இதெல்லாம் மேலைநாட்டுக்காரருக்குச் சரி, கர்நாடக இசை படித்த பிள்ளை தன் மரபை விட்டுவிட்டுச் சில்வண்டைப் பதியப் போவதா?" என்று ஒரு கேள்வி எழலாம். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல இந்த நகரத்திலேயே ஒருவர் இருந்திருக்கிறார்.

திருச்சி சங்கரன் அவர்களை நம்மில் பலர் மேடையில் கேட்டிருக்கிறோம். பழனி சுப்பிரமணிய பிள்ளையிடம் மிருதங்கம் பயின்றவர். 1971இல் ரொறன்ரோவின் யோர்க் பல்கலைக்கழகத்துக்கு வந்து, கர்நாடக சங்கீதம் பாடிய அமெரிக்கரான ஜோன் ஹிக்கின்ஸுடன் சேர்ந்து அங்கே இந்திய இசைக் கல்வியைத் தொடங்கினார். ஹிக்கின்ஸ் பாகவதர் 1984இல் விபத்தில் இறந்தார். சங்கரன் அங்கே பல பத்தாண்டுகள் கற்பித்தார். 1994இல் தென்னிந்திய மிருதங்க வாசிப்பின் லயக் கோட்பாடுகளைப் பற்றி ஆங்கிலத்தில் நூல் எழுதினார். இந்தோனேசியக் கமலான் குழு போன்ற வேற்று மரபுக் குழுக்களுக்காகவும் இசை ஆக்கினார். 2011இல் சென்னை மியூசிக் அகாடமி அவருக்குச் சங்கீத கலாநிதி விருது வழங்கியது.

கவனிக்க வேண்டியது என்ன? அவர் லயத்தை விட்டு எங்கும் போகவில்லை. லயத்துக்குள்ளேயே ஆழமாகப் போனார். தா தீ கி ட தோம் என்பதை நம் மொழி தெரியாத மாணவருக்கு விளக்க வேண்டி வந்தபோது, பழக்கத்தால் கை செய்துகொண்டிருந்த கணக்கைக் கோட்பாடாகச் சொல்ல வேண்டியிருந்தது. அப்படிச் சொல்லிப் பழகியதே வேற்று மரபுக்காரரோடு சமமாக உட்கார்ந்து இசையாக்கும் வழியையும் திறந்துவிட்டது. ஆழ உழுத நிலத்தில்தான் அயலவரின் விதையும் முளைக்கும். மேலோட்டமாக இரண்டைக் கலப்பதற்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை நம் பிள்ளைகள் உணர வேண்டும்.

சரி, ஸ்காபரோவில் வளரும் ஒரு மாணவருக்கு எதைத் தோண்டுவது? எனக்குத் தோன்றும் சிலவற்றைச் சொல்கிறேன்.

இங்கே நம் கோயில்கள் பல, பண்டகசாலையாகவோ தொழிற்கூடமாகவோ இருந்த கட்டடங்களில் இயங்குகின்றன. நாதஸ்வரமும் தவிலும் வெளிவீதிக்கும் கருங்கல் மண்டபத்துக்கும் பிறந்த வாத்தியங்கள். அவை தகரக் கூரையின்கீழ், சீமெந்துத் தரையில் ஒலிக்கும்போது எதிரொலி வேறு விதமாகத் திரும்பி வருகிறது. தவில்காரர் தம் அடியை அதற்கேற்ப மாற்றிக்கொள்கிறாரா? ஒரு கையைத் தட்டி, அந்த ஒலி மறைய எத்தனை விநாடி எடுக்கிறது என்று அளந்து, அந்தக் கூரைக்கென்றே ஓர் இசை ஆக்கினால் எப்படி இருக்கும்? ஒலியியலும் இசையாக்கமும் மரபும் ஒரே கேள்வியில் சந்திக்கின்றன.

இன்னொன்று, பேச்சின் சுரம். அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைக் 1988இல், மனிதர்கள் பேசிய ஒலிப்பதிவுகளிலிருந்து சுரங்களை எடுத்து, அவற்றை நான்கு தந்தி வாத்தியங்களுக்குக் கொடுத்து ஒரு படைப்பைச் செய்தார். புகையிரதப் பயணங்களையும், ஐரோப்பாவில் யூதர்கள் கொண்டு செல்லப்பட்ட புகையிரதங்களையும் நினைவுகூர்வது அது. யாழ்ப்பாணப் பேச்சுக்கு ஓர் ஏற்ற இறக்கம், மட்டக்களப்புப் பேச்சுக்கு ஒன்று, மலையகத்துக்கு ஒன்று, திருநெல்வேலிக்கு ஒன்று. அம்மம்மா தொலைபேசியில் ஊருக்குப் பேசும்போது குரல் எந்தச் சுரத்தில் தொடங்கி எங்கே போய் நிற்கிறது? வீணையில் விரல் பழகிய பிள்ளைக்கு அது உடனே பிடிபடும். வேறு மாணவர்களுக்கு அந்தக் காது கிடையாது.

இதை நான் ஒரு கவலையோடும் சொல்கிறேன். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வந்த தலைமுறை மூப்படைந்துவிட்டது. அவர்கள் பாடும் தாலாட்டும், பிள்ளையைக் கூப்பிடும் விதமும், ஒரு சாவீட்டில் அழும் விதமும் எந்தப் பாடசாலையிலும் எழுதி வைக்கப்படவில்லை. கீர்த்தனைகளுக்கு நூலும் ஒலிநாடாவும் இருக்கின்றன. அவை எப்படியும் நிலைக்கும். வீட்டுக் குரல்களுக்கு நம்மைத் தவிர யாரும் இல்லை. ஓர் இசை மாணவர் இந்தக் குரல்களைத் தன் துறையாக எடுத்தால், அது அவருக்குப் படைப்பு, நமக்குச் சேமிப்பு.

ஆனால் ஒரு நிபந்தனை. கேட்டுத்தான் பதிய வேண்டும். துக்க வீட்டு ஒப்பாரியும், மனம் உடைந்து சொல்லும் போர்க்கால நினைவும் மூலப்பொருள் என்று எண்ணி அள்ளிக்கொண்டு போகக் கூடியவை அல்ல. என்ன செய்யப் போகிறேன், யார் கேட்பார்கள் என்று சொல்லி, சம்மதம் வாங்கி, முடிந்தபின் முதலில் அவர்களுக்கே போட்டுக் காட்ட வேண்டும். "இதை எடுத்துவிடு பிள்ளை" என்றால் எடுத்துவிட வேண்டும். பல்கலைக்கழகங்களும் மனிதரை வைத்துச் செய்யும் ஆய்வுக்கு நெறிமுறை அனுமதி கேட்கின்றன. மூன்றாம் வருடத்திலேயே அதைப் பற்றி விரிவுரையாளரிடம் கேட்டு வைப்பது நல்லது.

இனி, நடைமுறையில் என்ன செய்வது?

முதல் இரண்டு வருடப் பாடங்களை அலட்சியம் செய்யாதீர்கள். குறியீடு எழுதவும், ஒத்திசைவைக் காதால் பிரிக்கவும், ஒலியைக் கணினியில் வெட்டி ஒட்டவும் கை பழக வேண்டும். கருவிக்குப் பெரிய செலவு வேண்டாம். கைத்தொலைபேசியே தொடக்கத்துக்குப் போதும். ஓடாசிற்றி என்ற மென்பொருள் 2000ஆம் ஆண்டிலிருந்து இலவசமாகக் கிடைக்கிறது. நல்ல ஒலிவாங்கிகளைத் துறையிலேயே இரவல் வாங்கலாமா என்று விசாரியுங்கள்.

ஒரு குறிப்புப் புத்தகம் வையுங்கள். தினமும் பத்து நிமிடம் ஓரிடத்தில் இருந்து, கேட்டதை மட்டும் எழுதுங்கள். ஒரு மாதம் போனபின் திருப்பிப் பார்த்தால், எந்த ஒலியைப் பற்றி அடிக்கடி எழுதியிருக்கிறீர்கள் என்று தெரியும். உங்கள் துறை அந்தப் பக்கம்தான் இருக்கிறது.

ஒவ்வொரு தவணைக்கும் ஒரே ஒரு கேள்வியை ஒரு வசனத்தில் எழுதுங்கள். "கர்நாடக இசையும் ஜாஸும்" என்பது கேள்வியே ஆகாது, அது ஒரு பெரிய வயல். "அம்மம்மா என்னைக் கூப்பிடும் குரலில் எத்தனை சுரம் உண்டு, அதை ஒரு செல்லோ எப்படி வாங்கிக்கொள்ளும்?" என்பது கேள்வி. முன்னதற்கு வேலை எங்கே தொடங்குவதென்று தெரியாது. பின்னதற்கு நாளைக் காலையிலேயே தொடங்கலாம். நான்கு வருடப் படிப்பில் எட்டுத் தவணை. கடைசி நான்கு தவணையிலும் ஒரு கேள்வி அடுத்ததைப் பெற்றுக் கொடுத்தால், பட்டம் பெறும்போது கையில் ஒரு துறையின் வித்து இருக்கும்.

இரண்டு ஆசிரியர்களையும் விடாதீர்கள். பேராசிரியர் கிடைத்தார் என்று குருவிடம் போவதை நிறுத்தும் பிள்ளைகள் உண்டு. பேராசிரியர் "ஏன் இப்படிச் செய்தாய்?" என்று கேட்பார். குரு "இதைவிடச் சுத்தமாகச் செய்" என்பார். இரண்டு கேள்வியும் வேண்டும். குருமாருக்கும் ஒரு வேண்டுகோள்: பிள்ளை புதிதாக ஒன்றைக் கொண்டுவந்து காட்டினால், மரபு கெட்டுவிட்டது என்று உடனே சொல்லாமல் ஒருமுறை முழுதாகக் கேளுங்கள். நீங்கள் கேட்டதே அந்தப் பிள்ளைக்குப் பல வருடத்துக்குப் போதுமான பலம்.

செய்ததையெல்லாம் திகதி போட்டுச் சேமியுங்கள். தோற்ற முயற்சிகளையும் அழிக்காதீர்கள். முதுமாணிக்கோ உதவிப் பணத்துக்கோ விண்ணப்பிக்கும்போது, ஒரு வேலை எப்படி வளர்ந்தது என்று காட்டுவதற்கு அவைதான் சான்று.

கடைசியாகப் பெற்றோருக்குச் சில வார்த்தைகள். "இதைப் படித்து எப்படிப் பிழைப்பது?" என்ற உங்கள் கேள்வியை நான் தட்டிக்கழிக்கப் போவதில்லை. இசைப் பட்டம் தானாக வேலை தராது. இந்த நாட்டில் இசைக் கலைஞர் பலர் ஒரே வருமானத்தில் வாழ்வதில்லை. கற்பித்தல், ஒலிப்பதிவு, திரைப்படத்துக்கும் நாடகத்துக்கும் ஒலியமைப்பு, சமூக நிகழ்ச்சிகள் என்று பலவற்றைச் சேர்த்தே வாழ்கிறார்கள். பாடசாலை ஆசிரியராக வேண்டுமென்றால் ஆசிரியர் பயிற்சியும் வேண்டும்; ஒன்ராறியோவில் அது 2015இல் நான்கு தவணையாக்கப்பட்டது. அதற்கான காலத்தையும் செலவையும் முன்கூட்டியே கணக்கில் எடுங்கள். இசையோடு கணினியோ கல்வியியலோ சேர்த்துப் படிப்பதும் ஒரு வழி. 1957இல் நிறுவப்பட்ட கனடா கலை மன்றம் கலைஞர்களுக்கு உதவிப் பணம் வழங்குகிறது; ஒன்ராறியோவுக்கும் தனியே கலை மன்றம் உண்டு. சொக்கான் என்ற அமைப்பு இசையாக்கியவருக்குரிய உரிமைப் பணத்தைச் சேர்த்துக் கொடுக்கிறது.

இந்த வாசல்களில் எதைத் தட்டினாலும், "வேறொருவரிடம் இல்லாத எது உங்களிடம் இருக்கிறது?" என்பதைத்தான் பார்ப்பார்கள். எல்லாவற்றையும் ஓரளவு வாசிக்கத் தெரிந்தவர் ஆயிரம் பேர் வரிசையில் நிற்பார்கள். தகரக் கூரையின்கீழ் நாதஸ்வரம் எப்படி நடந்துகொள்கிறது என்று நான்கு வருடம் கேட்டவர் ஒருவர்தான் நிற்பார். ஆழ உழுவது பிழைப்புக்கும் பகையாகாது.

ஆகவே பிள்ளை ஒலிவாங்கியோடு குசினிக்குள் வந்து, "அம்மா, நீங்கள் தேங்காய் திருவுங்கோ, நான் பதியப் போகிறேன்" என்று கேட்டால் சிரித்து விரட்டிவிடாதீர்கள். கொஞ்சம் மெதுவாகத் திருவுங்கள்.

இசை பயிலும் இளையோரிடமிருந்து இந்த வானொலியும் எதிர்பார்க்கிறது. மூன்று நிமிடமோ ஐந்து நிமிடமோ, உங்கள் காதில் விழுந்து நீங்கள் ஆக்கியது எதுவானாலும் கொண்டு வாருங்கள். வன்கூவர் மாணவிக்கு ஒரு சமூக வானொலி செய்ததை நாமும் நம் பிள்ளைகளுக்குச் செய்யலாம்.